‘இல்லை’ என்பதும் பதில்தான்

அலுவலக சர்வரில் வரும் கோளாறுகளில் டிஎன்எஸ் கோளாறுக்கு ஒரு குணம் உண்டு. அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வராது. “பிரிண்டர் வேலை செய்யவில்லை” என்று வரும். “மெயில் எல்லோருக்கும் போகிறது, ஒரு கம்பெனிக்கு மட்டும் திரும்பி வருகிறது” என்று வரும். “காலையில் லாகின் செய்தால் திரை ஐந்து நிமிடம் அப்படியே நிற்கிறது” என்று வரும். கணக்குப் பிரிவில் இருப்பவர் பில்லிங் சாஃப்ட்வேரைத் திட்டுவார். சாஃப்ட்வேர் விற்றவர் நெட்வொர்க் சரியில்லை என்பார். நெட்வொர்க் ஆள் வந்து கேபிளைப் பிடுங்கிச் செருகிவிட்டு, “லைன் நல்லாத்தான் இருக்கு சார்” என்பார். லைன் உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கும். சர்வரின் ஐபி எண்ணைத் தட்டினால் உடனே பதில் வரும். பெயரைத் தட்டினால்தான் வராது.

எண்ணுக்கு வரும் பதில் பெயருக்கு வரவில்லை என்றால் குற்றவாளி யார் என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் குற்றவாளி அகப்பட்ட பிறகும் வேலை முடிவதில்லை. பலரும் அந்த இடத்தில் சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறார்கள். சில நேரம் சரியாகியும் விடுகிறது. ஏன் சரியாயிற்று என்று யாருக்கும் தெரியாது, சில வாரம் கழித்து அதே தொல்லை திரும்ப வரும். டிஎன்எஸ் அமைப்பில் எதையும் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இப்போது எனக்குப் பதில் சொன்னது யார்?

அந்தக் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் பழங்கதை வேண்டும். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில், கணினிகளின் பெயர்களும் எண்களும் அடங்கிய ஒரே ஒரு கோப்பு இருந்தது. ‘ஹோஸ்ட்ஸ் டாட் டெக்ஸ்ட்’ என்று பெயர். கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம், எலிசபெத் ஃபெய்ன்லரின் தலைமையில், அதைப் பராமரித்தது. புதுக் கணினி ஒன்று வலையில் சேர்ந்தால் அந்த மையத்துக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் ஒரு வரி சேர்ப்பார்கள். எல்லோரும் புதுக் கோப்பை இறக்கிக்கொள்வார்கள். அன்றைக்குப் பதில் சொல்வது யார் என்ற குழப்பமே கிடையாது. ஆனால் வலை பெருகப் பெருக, ஒரே இடத்தில் ஒரே பட்டியல் என்ற ஏற்பாடு மூச்சுத் திணறியது. 1983-இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த பால் மொக்காபெட்ரிஸ் வேறொரு திட்டத்தை முன்வைத்தார்: முழுப் பட்டியலை யாருமே வைத்திருக்க வேண்டாம். ஒவ்வொருவரும் தம் பங்கை மட்டும் வைத்திருக்கட்டும், மற்றதற்கு யாரைக் கேட்கலாம் என்று கைகாட்டத் தெரிந்தால் போதும். அதுதான் டிஎன்எஸ். 1987-இல் திருத்தி வெளியான அதன் விதிகள், ஆர்எஃப்சி 1034, 1035 என்ற எண்களோடு, இன்றும் அடிப்படையாக நிற்கின்றன.

பழைய கோப்பு சாகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் லினக்ஸ் கணினியிலும் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற பெயரில் அதன் வாரிசு உட்கார்ந்திருக்கிறது. வழக்கமான அமைப்பில் டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன் கணினி அதைத்தான் பார்க்கும். எப்போதோ ஒருவர் சோதனைக்காக அதில் ஒரு வரி எழுதியிருப்பார், வேலையை விட்டும் போயிருப்பார். சர்வர் புது எண்ணுக்கு மாறும் நாளில் அந்த ஒரு கணினி மட்டும் பழைய எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும். இதில் வேடிக்கை, சோதிக்கப் பயன்படும் ‘டிக்’, ‘என்எஸ்லுக்அப்’ கருவிகள் இந்தக் கோப்பை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவை நேரே டிஎன்எஸ் சர்வரிடம் போய்ச் சரியான எண்ணைக் காட்டும், பிரௌசரோ தவறான இடத்துக்குப் போகும். லினக்ஸில் ‘கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்’ என்ற கட்டளையும், விண்டோஸில் சாதாரண ‘பிங்’கும் மென்பொருள்கள் போகிற அதே வழியில் போகும். இரண்டு வகைக் கருவிகளும் இரண்டு வேறு எண்களைச் சொன்னால் முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள்.

இனி, ஒரு பெயர் எப்படி எண்ணாகிறது என்று பார்ப்போம். 2007-இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு, ஆங்கில எழுத்தல்லாத பெயர்கள் இணையத்தில் ஓடுமா என்று பார்க்க 11 சோதனைப் பெயர்களை மூல சர்வர்களில் ஏற்றியது. அவற்றில் தமிழுக்கும் இடம் இருந்தது: ‘உதாரணம்.பரிட்சை’. சோதனை முடிந்து அந்தப் பெயர் நீக்கப்பட்டுவிட்டதால் நம் விளக்கத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம். ‘அஞ்சல்.உதாரணம்.பரிட்சை’ என்று ஒரு மெயில் சர்வர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் கணினி இந்தப் பெயரை அலுவலகத்தின் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கிறது. அது மூல சர்வர் ஒன்றிடம் போகிறது. ‘பரிட்சை’யைப் பார்த்துக்கொள்பவர்கள் இன்னார் என்று மூல சர்வர் கைகாட்டுகிறது. அவர்களிடம் போனால் ‘உதாரணம்’ என்ற டொமைனின் சர்வர்களைக் காட்டுகிறார்கள். கடைசியில் அந்த சர்வர்தான் ஐபி எண்ணைச் சொல்கிறது. மூல சர்வர்களுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள் உண்டு. அன்றைய 512 பைட் பதிலுக்குள் அடங்கியது அவ்வளவுதான். பெயர்தான் 13. உலகமெங்கும் பரவியிருக்கும் நகல்கள் ஆயிரத்துக்கும் மேல், எஃப் மூல சர்வரின் நகல் ஒன்று சென்னையிலும் இருக்கிறது.

இவ்வளவு நடையும் ஒவ்வொரு முறையும் நடந்தால் தாங்காது. அதனால் வழியில் இருக்கும் எல்லோரும் கேட்ட பதிலைக் கொஞ்ச காலத்துக்கு நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அதுதான் கேச். பிரௌசருக்கு ஒரு கேச், இயங்குதளத்துக்கு ஒன்று, அலுவலக சர்வருக்கு ஒன்று, இணைய நிறுவனத்தின் சர்வருக்கு ஒன்று. ஆகவே உங்களுக்கு வந்த பதில் அசல் உரிமையாளர் இப்போது சொன்னதாகவும் இருக்கலாம், நடுவில் ஒருவர் நேற்றுக் கேட்டு வைத்ததாகவும் இருக்கலாம்.

இங்கேதான் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. பெயர் கிடைக்கவில்லை என்று திரையில் ஒரே மாதிரி வரும் செய்திக்குப் பின்னால் வெவ்வேறு பதில்கள் ஒளிந்திருக்கின்றன. ‘என்எக்ஸ்டொமைன்’ என்றால் அப்படி ஒரு பெயரே கிடையாது என்று பொருள். அது தோல்வி இல்லை, முழுமையான பதில். ‘நோஎரர்’ என்று வந்து பதில் பகுதி காலியாக இருந்தால், பெயர் இருக்கிறது, நீங்கள் கேட்ட வகைப் பதிவு அதற்கு இல்லை. ‘சர்வ்ஃபெயில்’ என்றால் கேட்கப் போனேன், கிடைக்கவில்லை என்று நடுவில் இருப்பவர் கைவிரிக்கிறார். ‘ரெஃப்யூஸ்டு’ என்றால் உனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார். இவை எதுவும் வராமல் நேரம் ஓடி முடிந்தால், கேள்வி போய்ச் சேரவே இல்லை, அல்லது பதில் திரும்பி வரவில்லை. மருந்து ஐந்துக்கும் வேறு வேறு. டிக் கருவியின் விடையில் ‘ஸ்டேட்டஸ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பதைப் படிக்காமல் சர்வரைச் சீண்டுகிறவர், காய்ச்சலின் காரணம் தெரியாமல் ஊசி போடுகிறார்.

இந்த வேறுபாட்டை மறந்து செய்யப்படும் ஒரு அமைப்பு, சிறு நிறுவனங்களில் எங்கு பார்த்தாலும் கண்ணில் படுகிறது. கணினியின் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் முகவரிக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். முதல் கட்டத்தில் அலுவலக சர்வர், 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் “எதற்கும் இருக்கட்டும்” என்று கூகுளின் 8.8.8.8. பார்க்க நியாயமாகத் தெரியும். முதல் ஆளுக்குத் தெரியாவிட்டால் இரண்டாம் ஆள் சொல்லுவார் என்பது நம்பிக்கை. அப்படி நடக்காது. ரேஷன் கடையில் “சர்க்கரை இல்லை” என்று சொல்லிவிட்டால் கணினி பையோடு வீட்டுக்குத் திரும்பிவிடும். கடை பூட்டிக் கிடந்தால்தான் அடுத்த கடையைத் தேடும். முதல் சர்வர் ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்று சொன்னால் இரண்டாம் முகவரியை அது கேட்பதே இல்லை.

இதைவிடக் கெடுதலானது எதிர்ப்பக்கம். ஓர் இரவு, அப்டேட்டுக்காக அலுவலக சர்வர் ரீஸ்டார்ட் ஆகிறது. அந்தச் சில நிமிடங்களில் ஏதோ ஒரு கணினி கேள்வி கேட்கிறது. முதல் கட்டத்திலிருந்து பதில் இல்லை, இரண்டாவதுக்குப் போகிறது, பதில் கிடைக்கிறது. விண்டோஸ் அப்படிப் பதில் தந்தவரையே பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. கூகுளின் சர்வருக்கு உலகத்துப் பெயர்களெல்லாம் தெரியும். உங்கள் அலுவலகத்துக்குள் மட்டும் வழங்கும் பெயர்கள் எப்படித் தெரியும்? மிக உறுதியாக, மிக வேகமாக, ‘இல்லை’ என்று சொல்லும். கணினி அதை நம்பும்.

விண்டோஸ் டொமைன் வைத்திருக்கும் அலுவலகங்களில் இந்த ‘இல்லை’ பெரிய அடி. அதன் அடித்தளமான ஆக்டிவ் டைரக்டரி முழுக்க முழுக்க டிஎன்எஸ்ஸை நம்பி நிற்கிறது. லாகின் செய்யும்போது கணினி, அதைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் யார் என்பதை எஸ்ஆர்வி என்ற வகைப் பதிவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. அந்தப் பதிவில் சேவை தரும் சர்வரின் பெயர், போர்ட் எண், யாருக்கு முன்னுரிமை என்ற கணக்கு எல்லாம் இருக்கும். அந்தப் பதிவுகள் அலுவலக டிஎன்எஸ் சர்வரில் மட்டுமே உண்டு. கேள்வி வெளியே போய்விட்டால் கணினி டொமைன் கன்ட்ரோலரைத் தேடித் தேடி நிற்கும். பிரிண்டர் காணாமல் போவதும் லாகின் ஐந்து நிமிடம் இழுப்பதும் இப்படித்தான். இணையம் அப்போதும் ஜோராக ஓடும், அதனால் நெட்வொர்க்கின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

சரியான ஏற்பாடு எளிது. அலுவலகத்தில் உள்ள எல்லாக் கணினியும், எல்லா சர்வரும், உள் டிஎன்எஸ் சர்வர்களை மட்டுமே காட்ட வேண்டும். பாதுகாப்புக்கு இரண்டாவது வேண்டுமென்றால் இன்னொரு உள் சர்வரை நிறுவுங்கள். வெளி முகவரிக்கு உரிய இடம் உள் சர்வர்களின் ‘ஃபார்வர்டர்’ பட்டியல், அதாவது தமக்குத் தெரியாததை அவை யாரிடம் கேட்கும் என்ற பட்டியல். கணினியின் இரண்டாம் கட்டம் அதற்கு இடமில்லை. டொமைன் கன்ட்ரோலர்கள் இரண்டு இருந்தால் ஒன்று மற்றதை முதலாகவும், தன்னையே இரண்டாவதாகவும், அதாவது 127.0.0.1 என்றும் காட்டலாம்.

லினக்ஸ் சர்வரில் இதே விஷயம் வேறு முகத்தோடு வரும். ‘ரிசால்வ் டாட் கான்ஃப்’ என்ற கோப்பில் மூன்று டிஎன்எஸ் முகவரிகள் வரைதான் செல்லும். நான்காவதை எழுதினால் அது பேசாமல் புறக்கணிக்கப்படும். முதல் முகவரியில் பதில் வராவிட்டால் வழக்கமான காத்திருப்பு 5 வினாடி. அடுத்த கேள்விக்கும் பழையபடி முதலிலிருந்தே தொடங்கும். ஆகவே முதல் சர்வர் செத்துக் கிடந்தால் ஒவ்வொரு பெயருக்கும் 5 வினாடி தண்டம். ஒரு பக்கத்தைத் திறக்கப் பத்துப் பெயர்களை அடுத்தடுத்துத் தேடும் மென்பொருளுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் போய்விடும். எதுவும் உடைந்ததாகத் தெரியாது, எல்லாம் ‘ஸ்லோ’ என்று புகார் வரும். நேரம் சரியாக 5, 10 என்று இழுக்கும்போது சந்தேகிக்க வேண்டியது டிஎன்எஸ்ஸை. இன்னொன்று: இப்போதைய லினக்ஸ் பதிப்புகள் பலவற்றில் அந்தக் கோப்பை நீங்கள் திருத்துவதில் பயனில்லை. திறந்தால் 127.0.0.53 என்ற ஒற்றை முகவரி இருக்கும். அது ‘சிஸ்டம்டி ரிசால்வ்டு’ என்ற உள்ளூர் இடைத்தரகரின் முகவரி. உண்மையான அமைப்பு நெட்பிளானிலோ நெட்வொர்க் மேனேஜரிலோ இருக்கும். கையால் எழுதியது அடுத்த ரீஸ்டார்ட்டில் காணாமல் போகும்.

அடுத்து, பதிலின் வயது. ஒவ்வொரு பதிவோடும் டிடிஎல் என்று ஒரு எண் வரும், இதை இத்தனை வினாடி நினைவில் வைத்திருக்கலாம் என்ற அனுமதி. இதைக் கண்ணால் பார்க்கலாம். டிக் கருவியில் ஒரு பெயரைக் கேளுங்கள். விடை வரியில் பெயருக்கு அடுத்து 3600 என்று இருக்கிறது. கொஞ்சம் பொறுத்து அதையே திரும்பக் கேளுங்கள். 3588 என்று வந்தால் பதில் கேச்சிலிருந்து வருகிறது, எண் குறைந்துகொண்டே போகிறது. எத்தனை முறை கேட்டாலும் முழு 3600 வந்து, கொடி வரியில் ‘ஏஏ’ என்ற இரண்டு எழுத்தும் இருந்தால் நீங்கள் அசல் உரிமையாளரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பதில் சொன்னது யார் என்ற நம் கேள்விக்கு இரண்டு வரியில் விடை இது. ஆள் வைத்துத் தேட வேண்டியதில்லை.

சர்வரை வேறு எண்ணுக்கு மாற்றும்போது டிடிஎல்லைக் குறைக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். எப்போது குறைக்க வேண்டும் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். 86400 என்று, அதாவது ஒரு நாள் என்று இருந்ததை 300 ஆக்கிவிட்டு அதே மணி நேரத்தில் எண்ணையும் மாற்றினால் பயனில்லை. பழைய பதிலை ஐந்து நிமிடம் முன்பு வாங்கியவர் அதோடு வந்த பழைய அனுமதிப்படி ஒரு நாள் வைத்திருப்பார். 300 ஆக்கி, ஒரு முழு நாள் விட்டு, பிறகுதான் எண்ணை மாற்ற வேண்டும்.

‘இல்லை’ என்ற பதிலுக்கும் ஆயுள் உண்டு. 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2308 இதை வரையறுத்தது. டொமைனின் தலைப்பதிவான எஸ்ஓஏவின் கடைசி எண்ணும் அந்தப் பதிவின் டிடிஎல்லும் ஆகிய இரண்டில் எது சிறியதோ அத்தனை வினாடி, ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்பதும் கேச்சில் இருக்கும். அவசரக்காரர்களுக்கு இதில் ஒரு பொறி. புதுப் பெயரைப் பதிவு செய்வதற்கு முன்பே “வந்துவிட்டதா?” என்று தட்டிப் பார்ப்பார்கள். அந்த நிமிடத்தில் அலுவலக சர்வர் வெளியே கேட்டு, ‘இல்லை’ என்று வாங்கி, ஒரு மணி நேரத்துக்கு எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு பெயரைப் பதிவு செய்தால் ஊரெல்லாம் தெரியும், அந்த அலுவலகத்துக்கு மட்டும் தெரியாது. பதிவை உருவாக்கிவிட்டு, முதல் கேள்வியை அசல் சர்வரிடமே நேராகக் கேட்பதுதான் முறை. வினையை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? அலுவலக டிஎன்எஸ் சர்வரின் கேச்சை முதலில் காலி செய்யுங்கள், பிறகு உங்கள் கணினியின் கேச்சை. வரிசை மாறினால், காலியான கணினி பழைய ‘இல்லை’யையே சர்வரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும்.

டொமைனின் பதிவுகள் அடங்கிய டிஎன்எஸ் மண்டலக் கோப்பைச் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு கண்ணிகள். ஒன்று வரிசை எண். முதன்மை சர்வரில் ஒரு பதிவைத் திருத்தினால் எஸ்ஓஏவில் உள்ள எண்ணையும் உயர்த்த வேண்டும். உயர்த்தாவிட்டால் துணை சர்வர்கள் ‘ஒன்றும் மாறவில்லை’ என்று பழையதையே வைத்துக்கொள்ளும். சிலருக்குப் புது எண், சிலருக்குப் பழையது, அதே ஆளுக்கே ஒரு முறை இது, ஒரு முறை அது. எல்லா சர்வர்களிடமும் தனித்தனியே எஸ்ஓஏவைக் கேட்டு எண்களை ஒப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மற்றது புள்ளி. டிஎன்எஸ்ஸில் ஒரு முழுப் பெயர் உண்மையில் புள்ளியில்தான் முடியும், அந்தக் கடைசிப் புள்ளிதான் மூலம். மண்டலக் கோப்பில் புள்ளி வைக்காமல் எழுதினால், இது பாதிப் பெயர் என்று எண்ணிக்கொண்டு சர்வர் டொமைன் பெயரைத் தானாக ஒட்டிவிடும். ‘அஞ்சல்.உதாரணம்.பரிட்சை’ என்று எழுதினால் அது ‘அஞ்சல்.உதாரணம்.பரிட்சை.உதாரணம்.பரிட்சை.’ ஆகிவிடும். சிறு அலுவலகத்துக்கு மட்டும் வரும் பிழை என்று நினைக்க வேண்டாம். 2009 அக்டோபர் 12 இரவு ஸ்வீடனின் ‘.எஸ்இ’ டொமைனில், கோப்பைத் தயாரிக்கும் ஸ்கிரிப்ட் அந்தக் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டது. ஒரு நாட்டின் ஏறத்தாழ 9 லட்சம் பெயர்கள் ஒரே நேரத்தில் செல்லாமல் போயின. அன்றிரவே திருத்திவிட்டார்கள். ஆனால் கேச்சில் ஏறிய தவறு உலகமெங்கும் அதனதன் டிடிஎல் தீரும்வரை இருந்தது.

உள் நெட்வொர்க்குக்கு என்ன பெயர் வைப்பது என்பது அற்பமாகத் தோன்றும், பிறகு கழுத்தைப் பிடிக்கும். நெடுங்காலம் சிறு நிறுவனங்கள் ‘.லோக்கல்’ என்று முடியும் பெயரை வைத்துக்கொண்டன. மைக்ரோசாஃப்ட்டின் சிறுதொழில் சர்வர் மென்பொருளே அதைத்தான் முன்மொழிந்தது. ஆனால் ஆப்பிள் கணினிகள், பக்கத்திலிருக்கும் பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடிக்கும் வேறொரு முறைக்கு அதே முடிவைப் பயன்படுத்தின. 2013-இல் ஆர்எஃப்சி 6762 அதை அந்த முறைக்கே ஒதுக்கிவிட்டது. விண்டோஸில் ஓடுவது மேக்கில் மட்டும் தடுமாறுகிறது என்றால் பெயரின் வாலைப் பாருங்கள். ‘கார்ப்’ என்று வைத்தவர்கள் கதை இன்னும் சுவை. பழைய விண்டோஸ் வழிகாட்டிகளைப் பார்த்துப் பல நிறுவனங்கள் அந்தச் சொல்லை அப்படியே உள் பெயராக வைத்தன. ஊழியர் மடிக்கணினியோடு வெளியே போனால், உள்ளே போக வேண்டிய கேள்விகள் சில நேரங்களில் உண்மையான ‘கார்ப் டாட் காம்’ டொமைனுக்குப் போய்ச் சேர்ந்தன. 2019-இல் அதை ஆராய்ந்தபோது மூன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகள் அங்கே கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. 2020-இல் மைக்ரோசாஃப்ட்டே அந்த டொமைனை விலைக்கு வாங்கிக் கதவை அடைத்தது.

உங்கள் பதிவேட்டில் எங்காவது 127.0.53.53 என்ற விசித்திர எண்ணைப் பார்த்தால் அது வைரஸ் இல்லை. நீங்கள் உள்ளே வைத்திருக்கும் பெயர் வெளியுலகில் உண்மையான டொமைனாகப் பிறந்துவிட்டது என்று ஐகான் விடும் எச்சரிக்கை. போர்ட் 53 டிஎன்எஸ்ஸின் போர்ட் என்பதால் அந்த எண். இதற்கெல்லாம் மாற்றாக 2024-இல் ‘.இன்டர்னல்’ என்ற முடிவைத் தனியார் பயன்பாட்டுக்கென ஐகான் ஒதுக்கிவிட்டது. என்னைக் கேட்டால் அதைவிட நல்லது, நீங்கள் பணம் கட்டி வைத்திருக்கும் சொந்த டொமைனுக்குக் கீழே ஒரு கிளையை எடுத்துக்கொள்வது. நாளை அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது.

ஒரு கம்பெனிக்கு மட்டும் மெயில் திரும்புவதற்கு வருவோம். இதற்குப் பழகிய காரணங்கள் இரண்டு. முதலாவது ஃபயர்வால். டிஎன்எஸ் கேள்விகள் பெரும்பாலும் யூடிபி வழியே போகும், பழைய விதிப்படி பதில் 512 பைட்டுக்குள். அதற்கு மேல் போனால், பதில் வெட்டுப்பட்டது என்ற அடையாளத்தோடு வரும். கேட்டவர் டிசிபி வழியே திரும்பக் கேட்க வேண்டும். 1999-இல் வந்த ஈடிஎன்எஸ் விரிவாக்கம் பெரிய பதில்களுக்கும் யூடிபியிலேயே வழிவிட்டது, ஆனால் வழியில் துண்டாகிச் சிதையும் ஆபத்து உண்டு என்பதால் 2020 முதல் 1232 பைட் என்ற அளவை டிஎன்எஸ் மென்பொருள் செய்பவர்கள் பரிந்துரைக்கிறார்கள். டிசிபி 53 மண்டல நகலெடுப்புக்கு மட்டும்தான் என்று யாரோ சொன்னதை நம்பி அதை அடைத்து வைத்திருக்கும் ஃபயர்வால்கள் இன்றும் ஏராளம். சிறிய பதில் எல்லாம் வரும், நீளமான டெக்ஸ்ட் பதிவுகளைக் குவித்து வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் பதில் மட்டும் வராது.

இரண்டாவது காரணம் தலைகீழ்த் தேடல். மெயிலைப் பெறுகிற சர்வர், அனுப்புகிற ஐபி எண்ணுக்குப் பெயர் என்ன என்று பிடிஆர் பதிவைக் கேட்கும். அந்தப் பெயரிலிருந்து திரும்ப அதே எண் வருகிறதா என்றும் பார்க்கும். ஜிமெயிலின் அனுப்புநர் விதிகளில் இது கட்டாயம். சிலர் இந்தப் பதிவைத் தங்கள் டொமைனின் மண்டலக் கோப்பில் எழுதிவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று திகைக்கிறார்கள். பெயர் உங்களுடையது, எண் உங்களுக்கு இணையம் தருகிற நிறுவனத்துடையது. பிடிஆர் எழுதும் உரிமை எண்ணுக்குரியவரிடம். அவர்களிடம் ஒரு விண்ணப்பம் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இத்தனை சொன்ன பிறகும், பெரிய ஆட்கள் கதியைப் பார்த்து ஆறுதல் கொள்ளலாம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்ஆப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் 6 மணி நேரம் உலகத்திலிருந்து மறைந்தன. பராமரிப்புப் பணியில் போட்ட ஒரு கட்டளை அவர்களின் டேட்டா சென்டர்களை இணைக்கும் வலையைத் துண்டித்துவிட்டது. அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: டேட்டா சென்டரோடு பேச முடியாவிட்டால், தான் பழுது என்று எண்ணிக்கொண்டு தனக்கு வரும் வழியை இணையத்திலிருந்து தானே விலக்கிக்கொள்ளும். எல்லா சர்வரும் ஒரே நேரத்தில் அப்படிச் செய்தன. சர்வர்கள் உயிரோடு இருந்தன, அவற்றுக்குப் போக வழிதான் இல்லை. உலகத்துக்குக் கிடைத்த பதில் ‘சர்வ்ஃபெயில்’. அந்தப் பெயர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை, கேட்கப் போனோம், கிடைக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். மக்களும் செயலிகளும் விடாமல் தட்டிக்கொண்டே இருந்ததால் கிளவுட்ஃப்ளேரின் பொது டிஎன்எஸ்ஸில் இந்தப் பெயர்களுக்கான கேள்விகள் வழக்கத்தைவிட 30 மடங்கு ஏறின. கோளாறைச் சரிசெய்ய வேண்டிய உள் கருவிகளும் அதே பெயர்களை நம்பி இருந்ததால் பொறியாளர்கள் நேரில் போக வேண்டியிருந்தது.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. உங்கள் நிறுவனத்தின் டொமைனுக்கான டிஎன்எஸ் சர்வர்கள் இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே இணைய இணைப்பில் இருந்தால் அது இரண்டு சர்வர் ஆகாது. ஒன்றை வேறு நெட்வொர்க்கில் வையுங்கள்.

கடைசியாக, தொழில்நுட்பமே இல்லாத ஒரு காரணம். காலையில் இணையதளம் இல்லை, மெயில் இல்லை, விபிஎன் இல்லை என்று எல்லாம் ஒன்றாக விழுந்தால், டொமைனுக்குப் பணம் கட்டிய தேதியை முதலில் பாருங்கள். ‘.காம்’ போன்ற டொமைன்கள் காலாவதியாகி நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கட்டணம் மட்டும் கடுமையாக இருக்கும். புதுப்பிக்கச் சொல்லி நினைவூட்டல் மெயில்கள் வந்திருக்கும். பல நிறுவனங்களில் அவை வேலையை விட்டுப்போன ஒருவரின் முகவரிக்கோ, காலாவதியாகும் அதே டொமைனில் உள்ள முகவரிக்கோ போய்க்கொண்டிருக்கின்றன. டொமைன் நின்ற பிறகு வரும் கடைசி எச்சரிக்கை அந்த முகவரிக்குப் போய்ச் சேரவே சேராது. பதிவாளரின் கணக்கில் வேறொரு டொமைனில் உள்ள மெயில் முகவரி ஒன்றையும், இன்றும் அலுவலகத்தில் இருக்கும் ஒருவரின் கைபேசி எண்ணையும் இந்த வாரமே சேர்த்துவிடுங்கள்.